டர்போவைக் குற்றம் சொல்வதற்கு முன்: பழைய டீசல் காரில் ஆயில் கசிவைத் தேடும் முறை

பி.எஸ்.6 மாசு விதிகள் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது மாருதி நிறுவனம் டீசல் கார் விற்பனையை நிறுத்திக்கொண்டது. அதற்கு முன் விற்ற ஸ்விஃப்ட், டிசையர் டீசல் கார்களும், 2005 முதல் 2016 வரை வந்த முதல் தலைமுறை இன்னோவாக்களும், பொலிரோ, ஸ்கார்ப்பியோ வகைகளும் திருநெல்வேலிச் சீமையில் இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. டிராவல்ஸ் தொழிலும், வாழைத்தார் ஏற்றிப் போகும் விவசாயக் குடும்பங்களின் போக்குவரத்தும், வாரம் ஒருமுறை நாகர்கோவிலுக்கோ மதுரைக்கோ போய்வரும் சிறு வியாபாரிகளின் ஓட்டமும் இந்தப் பழைய டர்போ டீசல் என்ஜின்களையே நம்பியிருக்கின்றன. டர்போ என்பது, என்ஜினிலிருந்து வெளியேறும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் அனுப்பும் கருவி.

இந்த வண்டிகள் பத்து வயதைக் கடந்ததும் பெரும்பாலும் ஒரே புகாரோடு பட்டறைக்கு வருகின்றன: நிறுத்திய இடத்தில் கறுப்புச் சொட்டு, என்ஜினின் அடிப்பக்கம் முழுவதும் ஆயிலும் புழுதியும் கலந்த பிசுக்கு. “டர்போ சீல் போயிட்டு அண்ணாச்சி, டர்போவையே மாத்திரணும்” என்ற பதில் அங்கே தயாராக இருக்கிறது. பத்தாயிரங்களில் செலவாகிறது, சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடியும் ஈரம் தெரிகிறது. பொருள் மட்டம் என்று கடைக்காரரையும், கை சரியில்லை என்று மெக்கானிக்கையும் உரிமையாளர் திட்டுகிறார். பல நேரங்களில் இருவருமே குற்றவாளிகள் அல்லர். ஆயில் வெளியே வந்த இடத்தைப் பார்த்தார்களே தவிர, அதை வெளியே தள்ளிய காரணத்தை யாரும் தேடவில்லை. என்ஜினுக்குள் எங்கே அழுத்தம் கூடியிருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் சீலையோ பேக்கிங்கையோ டர்போவையோ மாற்றுவது பாதி வேலைதான்.

ஆயில் ஓடும் வழி

என்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பிலிருந்து பம்ப் உறிஞ்சும் ஆயில், ஃபில்டர் வழியாகச் சென்று, கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளுக்கும் மேலே கேம் ஷாஃப்ட்டுக்கும் அழுத்தத்தோடு போகிறது. அந்த அழுத்தக் குழாயிலிருந்து கிளைபிரியும் மெல்லிய உலோகக் குழாய் ஒன்று டர்போவுக்கு ஆயில் கொண்டுசெல்கிறது. இதை ஃபீட் பைப் என்கிறார்கள். டர்போவின் பேரிங்கை நனைத்துக் குளிரவைத்த ஆயில், நுரைத்த நிலையில், கீழ்ப்பக்கத்துத் தடித்த டிரெயின் பைப் வழியாகச் சம்ப்புக்குத் திரும்புகிறது.

ஆயில் போகும்போது பம்ப் தள்ளுகிறது. திரும்பும்போது அதைத் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை, வெறும் புவியீர்ப்பில்தான் வடிகிறது. ஃபீட் பைப் ஒல்லியாகவும் டிரெயின் பைப் பல மடங்கு தடித்தும் இருப்பதற்குக் காரணம் இதுதான். வடியும் பாதையில் சிறு தடை ஏற்பட்டாலும், அல்லது சம்ப்புக்குள் காற்றழுத்தம் கூடி எதிர்த்து நின்றாலும், டர்போவின் நடுப்பகுதியில் ஆயில் தேங்கிவிடும். தேங்கிய ஆயில் தன் வழியைத் தானே தேடிக்கொள்கிறது.

டர்போவுக்குள் இருக்கும் சீல் எப்படிப்பட்டது

டர்போ சீல் என்றதும் சக்கரத்தில் இருப்பதுபோன்ற ரப்பர் ஆயில் சீல் ஒன்றைப் பலரும் மனத்தில் கொள்கிறார்கள். சிறிய டீசல் காரின் டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழலக்கூடியது. அதன் ஒரு முனையில் உள்ள சக்கரத்தை 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடான புகை மோதுகிறது. அந்த இடத்தில் ரப்பர் ஒரு நாள்கூட நிற்காது. எனவே அங்கே பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய உலோக வளையங்களே போடப்பட்டிருக்கின்றன. அவற்றின் முக்கிய வேலை, இரு பக்கத்துச் சக்கரங்களின் பின்னாலும் இருக்கும் வாயு அழுத்தம் நடுப்பகுதிக்குள் அளவுக்கு மீறி நுழையாமல் தடுப்பது. ஆயில் வெளியே வராமல் இருப்பதற்கு, சக்கரங்களின் பக்கம் அழுத்தம் கூடுதலாகவும், நடுப்பகுதியில் குறைவாகவும் இருக்கும் வேறுபாடே பெரிதும் துணைநிற்கிறது.

இந்த வேறுபாடு தலைகீழானால், புத்தம் புதிய டர்போவும் ஆயிலைத் துப்பும். அது தலைகீழாகும் சூழ்நிலைகள் மூன்று:

1. சம்ப்பிலும், அதற்கு மேலே கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க் கேஸிலும் அழுத்தம் கூடி, டிரெயின் பைப் வழியே ஆயில் வடியாமல் தேங்குவது.

2. ஏர் ஃபில்டர் அடைபட்டு, டர்போவின் காற்று உறிஞ்சும் வாயில் வெற்றிடம் கூடி, நடுப்பகுதியிலிருந்து ஆயிலை இழுப்பது.

3. வண்டி நீண்ட நேரம் ஐடிலிங்கில் நிற்பதும், மலைப்பாதையில் ஆக்சிலரேட்டரை விட்டபடி நெடுந்தூரம் இறங்குவதும். அப்போது டர்போ காற்றை அழுத்துவதில்லை. சக்கரத்தின் பின்புறம் அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது.

மூன்றாவதை எளிதில் பார்க்கலாம். குற்றாலச் சீசனில் ஏ.சி.யைப் போட்டபடி வரிசையில் மணிக்கணக்காக நின்ற வண்டியோ, மாஞ்சோலையிலிருந்து மணிமுத்தாறுக்கு இறங்கிவந்த வண்டியோ, மறுபடி வேகமெடுக்கும்போது ஒருமுறை நீலப் புகை தள்ளிவிட்டுத் தெளிந்துவிடும். அது ஒருமுறையோடு நின்றால் டர்போவை இறக்க வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது நம் பக்கத்துக்கே உரிய தொல்லை. திசையன்விளையை ஒட்டிய தேரிக்காட்டுச் செம்மணலும், இராதாபுரம் வட்டாரத்துக் கல்குவாரிச் சாலைகளின் வெள்ளைத் தூசியும், தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அடிக்கும் காற்றும் சேர்ந்தால், கையேட்டில் போட்டிருக்கும் ஏர் ஃபில்டர் கெடு செல்லுபடியாகாது. இந்தச் சாலைகளில் தினமும் ஓடும் வண்டிக்கு அந்தக் கெடுவைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது. காற்றடித்துத் தட்டி மறுபடி போடும் பழக்கமும் ஓரளவுக்கு மேல் உதவாது. மடிப்புகளின் அடியில் படிந்த நுண்தூசி அங்கேயே இருக்கும்.

கிராங்க் கேஸ் அழுத்தம்

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே ரிங்குகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு கீழே கிராங்க் கேஸுக்குள் கசியத்தான் செய்யும். இதைப் புளோபை என்கிறார்கள். புதிய என்ஜினிலும் இது உண்டு. வயதாக ஆகக் கூடும். இந்த வாயுவை வெளியேற்ற ஒரு வழி வேண்டும். அதுதான் பிரீதர். என்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரிலோ அதன் அருகிலோ தொடங்கும் இந்தக் குழாய், ஆயில் துளிகளைப் பிரித்து நிறுத்தும் ஒரு சிறு அறையைக் கடந்து, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையே உள்ள காற்றுக்குழாயில் சேர்கிறது.

பிரீதர் அடைபட்டால் என்ன நடக்கும் என்பது வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும்: குக்கரில் வெயிட் துளை அடைத்துக்கொண்டால் ஆவி கேஸ்கெட் வழியே பீறிடுகிறது, கேஸ்கெட்டை மாற்றினால் புதியதிலும் பீறிடும். என்ஜினிலும் அப்படித்தான். உள்ளே கூடிய அழுத்தம் எந்தச் சீல் மிகவும் பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளுகிறது. முன்பக்கக் கிராங்க் சீலை மாற்றினால் பின்பக்கச் சீலில் வரும்; அதையும் மாற்றினால் டேப்பெட் கவரில் வரும்; எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் டர்போ டிரெயினை எதிர்த்துநின்று, டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரில் ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அழுத்தம் கூடுவதற்குப் புளோபையும் பிரீதரும் மட்டும் காரணமல்ல. பட்டறைகளில் அதிகம் கவனிக்கப்படாத இரண்டு காரணங்கள் உண்டு. டீசல் என்ஜினில், பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் உண்டாக்கும் வேக்கம் பம்ப், தான் இழுத்த காற்றை என்ஜினுக்குள்ளேயே விடுகிறது. பூஸ்டர் ஹோஸில் வெடிப்பு இருந்தால், பம்ப் ஓயாமல் வெளிக்காற்றை இழுத்துக் கிராங்க் கேஸில் நிரப்பிக்கொண்டிருக்கும். இரண்டாவதாக, டர்போவின் உலோக வளையங்கள் உண்மையிலேயே தேய்ந்திருந்தால், டர்போ அழுத்திய காற்றும் (பூஸ்ட் காற்று) புகையும் நடுப்பகுதி வழியாக டிரெயின் பைப்பில் இறங்கிச் சம்ப்பில் சேரும். அப்போது டர்போவும் காரணமாகிறது, அழுத்தமும் காரணமாகிறது; எது முதல் என்று பிரித்துப் பார்க்க அளவு எடுக்க வேண்டும்.

ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டினால், கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரை பிரீதர் வழியே போகும். டர்போ டிரெயின் பைப் சேரும் இடத்தை ஆயில் மட்டம் நெருங்கினால் வடிவதும் தடைபடும். ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறினால், இன்ஜெக்டரோ டீசல் பம்ப்போ கசிந்து டீசல் ஆயிலில் கலக்கிறது என்று பொருள். டிப்ஸ்டிக்கில் டீசல் வாடை தெரியும். அந்த நிலையில் கசிவைத் தேடுவதை நிறுத்திவிட்டு, கலப்பை முதலில் நிறுத்த வேண்டும், ஏனென்றால் நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளை வேகமாகத் தின்றுவிடும்.

தேடும் வரிசை

கசிவைத் தேடுவதில் பொறுமைதான் பெரிய கருவி. கீழ்க்கண்ட வரிசையை மாற்றாமல் போனால் பெரும்பாலான கசிவுகள் விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலே பிடிபடும்.

1. முதலில் அது என்ஜின் ஆயில்தானா என்று பாருங்கள். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து வைத்தால், காலையில் சொட்டு விழுந்த இடமும் நிறமும் தெரியும். டீசல் என்ஜின் ஆயில் மையாகக் கறுத்திருக்கும். பவர் ஸ்டியரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு. கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை. கூலன்ட் வழவழப்பாக இருக்கும், லேசான இனிப்பு வாடை வரும். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர். அதைப் பார்த்துப் பதறி வருகிறவர்களும் உண்டு.

2. ஆயில் குறையும் வேகத்தைக் குறித்துவையுங்கள். சமதளத்தில், என்ஜின் நின்று பத்து நிமிடமான பிறகு, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அளக்க வேண்டும். ஸ்விஃப்ட் டீசலின் 1248 சி.சி. என்ஜினில் மொத்தமே சுமார் 3 லிட்டர் ஆயில்தான். பழைய இன்னோவாவில் ஏறக்குறைய 7 லிட்டர். அரை லிட்டர் குறைவது முதல் வண்டியில் ஆறில் ஒரு பங்கு. இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்கக்கூடாது.

3. என்ஜினைக் கழுவுங்கள். கசிவு பழையதாகிவிட்டால் எல்லா இடமும் ஈரமாகத்தான் தெரியும்; கழுவாமல் தேடுவது இருட்டில் தேடுவதற்குச் சமம். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, டிகிரீசரைத் தெளித்து, பிரஷ்ஷால் தேய்த்து, குறைந்த அழுத்தத் தண்ணீரில் அலச வேண்டும். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, சென்சார் இணைப்புகள், காற்று உறிஞ்சும் வாய் ஆகியவற்றைப் பாலித்தீன் பையால் மூடுவது அவசியம். வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்தால், பம்ப்பின் முழு அழுத்தத்தையும் என்ஜின் மேல் அடிக்க விடாதீர்கள்.

4. காயவைத்து, 20 அல்லது 30 கிலோமீட்டர் ஓட்டி, உடனே பாருங்கள். பிறகு 200 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஆயில் கீழ்நோக்கி வழியும். ஓட்டத்தில் அடிக்கும் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும். ஆகவே ஈரமான பகுதியிலேயே மிக உயரத்தில், மிக முன்னால் இருக்கும் புள்ளிதான் ஊற்று. சொட்டு விழும் இடம் ஊற்று அல்ல.

5. சந்தேகமான இணைப்பின் மேல் முகப்பவுடரை லேசாகத் தூவி, என்ஜினை ஓடவிட்டால் ஆயில் வரும் கோடு பளிச்சென்று தெரியும். அதிலும் பிடிபடாத மெல்லிய கசிவுக்கு, ஆயிலில் கலக்கும் புற ஊதாச் சாயமும் அதற்கான விளக்கும் கிடைக்கின்றன.

6. கடைசியாக அழுத்தத்தை அளக்க வேண்டும். உண்மையில் இது முதலில் செய்யவேண்டியது. ஆனால் கழுவாத என்ஜினில் குழாயைச் செருகுவது தூசியை உள்ளே அனுப்பும் என்பதால் இங்கே வைத்திருக்கிறேன்.

அழுத்தம் அளப்பதற்குப் பட்டறைகளில் வழக்கமாகச் செய்வது, ஓடும் என்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பார்ப்பது. இது ஒரு முதல் குறிப்பு மட்டும். ஆரோக்கியமான டீசல் என்ஜினிலும் கொஞ்சம் புகை வரும்; கேம் ஷாஃப்ட் சுழற்சியே காற்றைத் தள்ளும். இதைவிட நம்பகமான முறைக்கு ஒன்றரை மீட்டர் நீள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் போதும். அதை ஆங்கில எழுத்தான யூ வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதியளவு தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்றுப் புகாமல் செருக வேண்டும். என்ஜின் சூடானதும் ஐடிலிங்கிலும், பிறகு 2500 சுற்றிலும் தண்ணீர் மட்டத்தைக் கவனிக்க வேண்டும். பிரீதர் சரியாக இருந்தால் இரு பக்க மட்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், அல்லது என்ஜின் பக்கம் லேசாக இழுபடும். தண்ணீர் வெளிப்பக்கம் பல சென்டிமீட்டர் தள்ளப்பட்டு அங்கேயே நின்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது.

அடுத்து, பிரீதர் குழாயைக் காற்றுக்குழாயிலிருந்து கழற்றிவிட்டு, அந்தக் காற்றுக்குழாயின் துளையை அடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். கழற்றியதும் அழுத்தம் இறங்கினால், கோளாறு அந்த முனைக்கு அப்பால். கழற்றியும் இறங்கவில்லை, குழாயிலிருந்து காற்றும் அதிகம் வரவில்லை என்றால், குழாயோ ஆயில் பிரிக்கும் அறையோ அடைபட்டிருக்கிறது. குழாயிலிருந்து காற்று பலமாகப் பீறிட்டால், ரிங்குகளையோ வேக்கம் பம்ப்பையோ டர்போவையோ சந்தேகிக்கலாம். அப்போது பூஸ்டர் ஹோஸைக் கழற்றி, வேக்கம் பம்ப்பின் வாயை அடைத்துப் பார்த்தால் ஒன்று விலகிவிடும். (இந்தச் சோதனையை வண்டி நிற்கும்போது மட்டும் செய்ய வேண்டும், பூஸ்டர் இல்லாமல் பிரேக் மிதி கல்லாக இருக்கும்.) மிச்சத்தை, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை சொல்லிவிடும்.

எச்சரிக்கை ஒன்று: டிப்ஸ்டிக் குழாய் வழியாக பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் காற்றை அடித்துக் கசிவைத் தேடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்த அழுத்தம் நல்ல ஆயில் சீல்களையும் இருக்கையிலிருந்து பிதுக்கிவிடும்.

எங்கெல்லாம் வரும்

பின்பக்கக் கிராங்க் சீல் மீது சுமத்தப்படும் பழிதான் அதிகம். கியர் பாக்ஸும் என்ஜினும் சேரும் இடத்தின் அடியில் சொட்டு விழுந்தால், உடனே கியர் பாக்ஸை இறக்கச் சொல்கிறார்கள். ஒரு நாள் கூலி, கிளட்ச் செட், சீல் எல்லாம் சேர்ந்து பெரிய தொகையாகிவிடும். ஆனால் டேப்பெட் கவரின் பின்மூலையிலோ, கேம் ஷாஃப்ட் முனையில் இருக்கும் வேக்கம் பம்ப்பின் ஓ-ரிங்கிலோ கசியும் ஆயில், தலைப்பகுதியின் பின்புறம் வழியாக இறங்கி, என்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் மேல் விழுந்து, அதே இடத்தில்தான் சொட்டும். பெல் ஹவுசிங்கின் மேல்விளிம்பில் விரலை வைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். மேலே ஈரம், கீழே ஈரம் என்றால் ஆயில் மேலிருந்து வருகிறது. மேல்விளிம்பு காய்ந்த புழுதியோடு இருக்க, அடியில் உள்ள சிறு துளையிலிருந்து மட்டும் ஆயில் வந்தால், அப்போதுதான் பின் சீலையோ கியர் பாக்ஸின் முன் சீலையோ நினைக்க வேண்டும். அந்த இரண்டையும் வாடை பிரித்துக் காட்டும்.

டர்போவைச் சுற்றிய ஈரத்திலும் இதே கவனம் தேவை. ஃபீட் பைப்பைப் பிடிக்கும் துளைபோல்ட்டின் இரு பக்கமும் உள்ள காப்பர் வாஷர்கள் பழையதானால், அழுத்தத்தோடு மெல்லிய தாரையாக ஆயில் தெறிக்கும். அது டர்போவின் உடல் முழுவதும் பரவி, டர்போவே கசிவதுபோல் காட்டும். டிரெயின் பைப்பின் பேக்கிங்கோ ரப்பர் இணைப்போ சூட்டில் இறுகி வெடித்தால், கீழ்ப்பக்கம் மட்டும் ஈரமாகும். இரண்டுமே சில நூறு ரூபாய்ப் பொருள்கள். இன்டர்கூலர் ஹோஸ்களின் இணைப்பில் தெரியும் எண்ணெய்ப்பசை வேறு வகை: பிரீதர் கொண்டுவரும் ஆயில் ஆவி அங்கே படிவது இயல்பு. ஹோஸைக் கழற்றினால் உள்ளே மெல்லிய படலம் இருக்கலாம். சாய்த்தால் ஊற்றும் அளவுக்குக் குளமாக இருக்கக்கூடாது. ஹோஸ் வெடித்தோ கிளாம்ப் தளர்ந்தோ இருந்தால் பூஸ்ட் காற்றும் வெளியேறி, வண்டி இழுவை குறைந்து கறுப்புப் புகை தள்ளும். கறுப்புப் புகை காற்றுப் பற்றாக்குறையைச் சொல்கிறது. ஆயில் எரிவதைச் சொல்வது நீலப் புகைதான்.

ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கும் அதனோடு ஒட்டிய ஆயில் கூலரும் கசிவின் அடுத்த இருப்பிடம். இங்கே பேக்கிங் பழுதானால் ஆயில் வெளியே வருவதோடு, ஆயிலும் கூலன்ட்டும் கலக்கவும் கூடும். ஆயில் பிரஷர் சுவிட்ச், டிப்ஸ்டிக் குழாயின் ஓ-ரிங், சம்ப்பின் டிரெயின் நட் வாஷர் ஆகியவை சிறியவை, சரிசெய்வதும் எளிது.

சரிசெய்யும்போது கவனிக்க வேண்டியவை

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது அலுமினியப் பரப்பில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது பெரும் பிழை. பரப்பு மேடுபள்ளமாகிவிடும்; தேய்ந்த துகள் ஆயிலில் கலந்து பேரிங்குக்குப் போகும். பிளாஸ்டிக் சுரண்டியும் கரைப்பானும் போதுமானவை.

சிலிக்கான் பேஸ்ட் நல்ல பொருள்தான், ஆனால் அதற்கென்று இடம் உண்டு. சில என்ஜின்களில் சம்ப்பும் டைமிங் கவரும் பேஸ்ட்டால்தான் ஒட்டப்படுகின்றன. அங்கேயும் மெல்லிய ஒரே கோடாகப் போட்டு, பாக்கெட்டில் குறித்த நேரம் உலரவிட்டு, பிறகே ஆயில் ஊற்ற வேண்டும். தாராளமாகப் பிதுக்கினால், உள்பக்கம் வழிந்த பேஸ்ட் துண்டு துண்டாக உடைந்து, ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வலையில் போய் அடைத்துக்கொள்ளும். டர்போவின் ஃபீட், டிரெயின் இணைப்புகளில் பேஸ்ட் தொடவே கூடாது. அங்கே ஒரு சிறு துணுக்கு ஃபீட் துளையில் மாட்டினால் டர்போ பட்டினியில் சாகும்; டிரெயினில் மாட்டினால் மறுபடி கசியும்.

கிராங்க் சீல் மாற்றும்போது, பழைய சீலின் உதடு ஷாஃப்ட்டில் அறுத்த பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டினால் புதிய சீல் அதே தடத்தில் உட்காரக்கூடாது. ஹவுசிங் இடம் கொடுத்தால், ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி அமர்த்தலாம். இல்லையென்றால் ஷாஃப்ட்டின் மேல் மெல்லிய உருளைச் சட்டை ஏற்றும் வழி உண்டு. போல்ட்டுகளை முறுக்குவதிலும் நிதானம் வேண்டும். டேப்பெட் கவர் கசிகிறது என்று பலங்கொண்டு முறுக்கினால், பேக்கிங் நசுங்கிக் கசிவு கூடும், அல்லது அலுமினியத்தில் மரை கழன்றுவிடும். கையேட்டில் குறித்த அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்குவதே வழி.

கசிவை நிறுத்தும் என்று விற்கும் திரவங்களைப் பற்றியும், தடித்த ஆயில் ஊற்றும் யோசனையைப் பற்றியும் கேள்விகள் வருகின்றன. இறுகிய ரப்பரைச் சற்று இளக்கும் திரவங்கள் இருக்கின்றன. ஓரிரு மாதம் தள்ளிப்போட உதவலாம். கிழிந்த சீலுக்கும் அடைபட்ட பிரீதருக்கும் அவை ஒன்றும் செய்யா. உற்பத்தியாளர் சொன்னதைவிடத் தடித்த ஆயில் ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் டர்போ பேரிங்குக்கு ஆயில் சேரும் நேரம் நீளும். ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டைமிங் செயின் டென்ஷனர் உள்ள என்ஜின்களில் செயின் சத்தமும் வரலாம். சொட்டைக் குறைக்க டர்போவைத் தேய்ப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

டர்போவே பழுது என்றால்

அழுத்தம் இயல்பு, பிரீதர் சுத்தம், ஏர் ஃபில்டர் புதிது, டிரெயின் பைப் திறந்திருக்கிறது. ஆனாலும் நீலப் புகை ஓயவில்லை, இன்டர்கூலரில் ஆயில் குளமாக நிற்கிறது என்றால் டர்போவைத் திறந்து பார்க்கலாம். ஆறிய நிலையில் காற்றுக்குழாயைக் கழற்றி, ஷாஃப்ட்டை விரலால் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் மெல்லிய அசைவு இருப்பது இயல்பு. ஓடும்போது அந்த இடைவெளியை ஆயில் படலம் நிரப்பும். முன்பின்னாக அசைவு உணரப்பட்டாலோ, சக்கரத்தின் நுனி சுவரில் உரசிய தடம் இருந்தாலோ பேரிங் போய்விட்டது.

மாற்றுகிறவர்கள் செய்யத் தவறும் வேலைகளே புதிய டர்போவையும் கொல்கின்றன. ஃபீட் பைப்பின் உள்ளே ஆயில் கருகிப் படிந்திருக்கும். அதைக் கழுவுவதைவிடப் புதியதாக மாற்றுவது மேல். இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலையும், பழைய சக்கரம் உடைந்திருந்தால் அதன் துண்டுகளையும் முழுவதும் வெளியேற்ற வேண்டும். ஆயிலும் ஃபில்டரும் புதிதாக இருக்க வேண்டும். பொருத்தியதும் டர்போவின் ஆயில் வாயில் சிறிது ஆயில் ஊற்றி, டீசல் வராமல் செய்து, ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுழற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகே கிளப்ப வேண்டும்.

கருகல் ஏற்படுவதற்கு ஓட்டும் பழக்கமும் ஒரு காரணம். மதுரையிலிருந்து 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நூறில் வந்து, கயத்தாற்றில் டீக்கடை வாசலில் நிறுத்திய நொடியே சாவியைத் திருப்பினால், பழுக்கக் காய்ந்த டர்போவுக்குள் நின்றுபோன ஆயில் கரியாகும். ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைத்தால் போதும். நெல்லை வெயில்தான் டர்போவைக் கெடுக்கிறது என்று சொல்வதில் அதிகம் சாரமில்லை. 700 டிகிரிக்கு முன்னால் வெளியே 40 டிகிரியா 30 டிகிரியா என்பது பெரிய வேறுபாடு அல்ல. வெயில் பாதிப்பது ரப்பர் ஹோஸ்களைத்தான்.

எதைத் தள்ளிப்போடலாம், எதைக் கூடாது

டேப்பெட் கவரின் ஓரத்தில் புழுதி ஒட்டும் அளவுக்குப் பசை இருக்கிறது, தரையில் சொட்டு விழவில்லை, ஆயில் மட்டம் நிற்கிறது என்றால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்கலாம். சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் ஆயில் விழுந்து புகை வாடை வண்டிக்குள் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக்கூடாது. தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. ஃபீட் பைப் கசிவும் அப்படியே, ஏனெனில் அழுத்தக் குழாய் கசிந்தால் சில கிலோமீட்டரிலேயே ஆயில் தீர்ந்துபோகலாம். கிளட்சில் ஆயில் பட்டால் பிளேட் வழுக்கும்; டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் பெல்ட் மீது ஆயில் பட்டால் ரப்பர் ஊறி அறுந்து, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

மிக ஆபத்தானது, இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை டீசல் என்ஜின் தானே எரிபொருளாக உறிஞ்சத் தொடங்குவது. அப்போது என்ஜின் கட்டுப்பாடின்றி அலறும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, ஏனென்றால் சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். கியர் கையால் மாற்றும் வண்டியில் பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டு, உயர்ந்த கியரைப் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டால் என்ஜின் அடங்கும். முடியாவிட்டால் ஆட்களை விலக்கிவிட்டுத் தூரப் போய்விடுவதே அறிவு. காற்று உறிஞ்சும் வாயைக் கையாலோ துணியாலோ அடைக்க முயலக்கூடாது. இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். புகைச் சோதனையில் என்ஜினை முழு வேகத்துக்கு முடுக்குவார்கள். இன்டர்கூலரில் ஆயில் நிற்கும் வண்டியை அந்த நிலையில் சோதனைக்குக் கொண்டுபோகக்கூடாது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு

சொந்தக் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கெடு நெருங்கும்போது விற்பனைக்கு வரும் டர்போ டீசல்கள் பல. விற்பதற்கு முந்தைய நாள் என்ஜின் பளபளவென்று கழுவப்பட்டிருந்தால் மகிழ்ச்சி அடைய ஒன்றுமில்லை. எது கசிகிறது என்பது மறைந்திருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து வள்ளியூர் வரை போய்வரும் அளவுக்கு ஓட்டிவிட்டு, சூட்டோடு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணிக் கரையோர ஊர்களில் வண்டிகள் பல மூழ்கின. அப்படி நின்ற வண்டிகளில் கிராங்க் ஷாஃப்ட்டின் வெளிமுனையில் துருப் பிடித்து, அந்தச் சொரசொரப்பு புதிய சீலையும் அறுத்துக்கொண்டே இருக்கும். இருக்கை பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுத்துப் பார்த்தால், சுருளின் கடைசிப் பகுதியில் சேற்றுக்கறை தெரியும். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்மையான மோர்ப்படலம் இருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டியில் கசிவைத் தேடும் வேலை சீலோடு முடியாது.